ஐ18நெக்ஸ்ட்: இடைமுக உரையைத் தனிக் கோப்புகளில் வைக்கும் ஒரு நிரலகத்தின் மதிப்பீடு

வலைச் செயலியின் பொத்தான்களிலும் படிவங்களிலும் பிழைச்செய்திகளிலும் வரும் உரையை நிரலுக்குள் புதைத்து வைக்காமல் தனிக் கோப்புகளில் வைப்பதே நல்லது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அந்தக் கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும், அதை யார் திறந்து படிக்கப்போகிறார், மூல உரை திருத்தப்படும்போது மற்ற மொழிகளில் எழுதுவோருக்கு அது எப்படித் தெரியவரும் என்னும் கேள்விகளில்தான் கருவிகள் வேறுபடுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் செயலிகளுக்காக இந்த வேலையைச் செய்யும் நிரலகங்களில் பரவலாகப் பயன்படும் ஐ18நெக்ஸ்டை இந்தக் கேள்விகளை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன். உரையைக் கொண்டுவந்து திரையில் சேர்ப்பதில் அது மிகத் தேர்ந்த கருவி. அந்த உரையை எழுதும் மனிதருக்கு அது செய்து தருவது போதாது. முதல் பாதியைப் பலரும் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் பாதியைப் பற்றி அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

2011-இல் தொடங்கப்பட்ட இந்த நிரலகம் எம்ஐடி உரிமத்தின்கீழ் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உலாவியிலும், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் சூழலிலும் ஒரே விதமாக இயங்குகிறது; ரியாக்ட், வியூ, ஆங்குலர் முதலிய சட்டகங்களோடு இணைப்பதற்குத் தனித்தனி இணைப்புகள் உள்ளன. அடிப்படை அமைப்பு எளிமையானது. மொழிக்கு ஒரு கோப்புறை, அதற்குள் ஜேசான் என்னும் தரவு வடிவிலான கோப்புகள், ஒவ்வொரு கோப்பிலும் சாவிப்பெயரும் அதற்குரிய உரையும். நிரலில் உரை வர வேண்டிய இடத்தில் சாவிப்பெயரை மட்டும் எழுதினால், பயனரின் மொழிக்கு ஏற்ற உரையை நிரலகம் எடுத்துத் தரும். உரைகளை நேம்ஸ்பேஸ் என்னும் தொகுதிகளாகப் பிரித்து வைக்கலாம் என்பது இதன் பெரிய பலம். நூற்றுக்கணக்கான திரைகள் கொண்ட ஒரு செயலியில், நுழைவுப் பக்கத்தைத் திறக்கும் பயனர் அறிக்கைப் பகுதிக்கான உரையையும் சேர்த்துத் தரவிறக்க வேண்டியதில்லை. அந்தப் பகுதிக்குப் போகும்போது அதற்குரிய கோப்பு மட்டும் வந்து சேரும்.

ஒரு மொழியில் உரை இல்லையென்றால் என்ன செய்வது என்பதையும் நன்றாகச் சிந்தித்திருக்கிறார்கள். பயனரின் மொழி கனடாப் பிரெஞ்சு என்றால் முதலில் அதற்குரிய கோப்பிலும், அங்கே இல்லாவிட்டால் பொதுவான பிரெஞ்சிலும், அங்கும் இல்லாவிட்டால் நாம் குறித்து வைத்த மாற்று மொழியிலும் நிரலகம் தேடும். எனவே வட்டார வழக்குக்கான கோப்பில் வேறுபடும் சில உரைகளை மட்டும் வைத்தால் போதும். இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இயல்பான அமைப்பில் ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று மொழிக்குமான கோப்புகளையும் வழங்கியிடம் கேட்கும். வட்டாரக் கோப்பே வைத்திராத செயலிகளில் கிடைக்காத கோப்புக்கான கோரிக்கை வீணாகப் போய்வந்துகொண்டே இருக்கும். மொழியை மட்டும் பார், வட்டாரத்தை விடு என்று சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது. வட்டார வேறுபாடு தேவைப்படாதவர்கள் தொடக்கத்திலேயே அதை இட்டுக்கொள்வது நல்லது.

எங்கும் உரை கிடைக்காதபோது சாவிப்பெயரையே திரையில் காட்டிவிடுகிறது. கெட்டெக்ஸ்ட் போன்ற பழைய கருவிகளில் மூல வாக்கியமே சாவியாக இருப்பதால், மொழிபெயர்ப்பு இல்லாத இடத்தில் பயனருக்கு ஆங்கிலத்திலாவது ஒரு வாக்கியம் கிடைக்கும். இங்கே புள்ளிகளால் கோத்த ஒரு நிரலாளர் பெயர்தான் கண்ணில் படும். வேகக்குறைவான இணைப்பில் கோப்பு வருவதற்குமுன் திரையை வரைந்துவிட்டாலும் இதே காட்சிதான். ரியாக்ட் இணைப்பு, கோப்பு வரும்வரை வரைவதை நிறுத்திவைக்கும் வழியை இயல்பாகவே தருகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு வேறு வழி எதையும் செய்யாமல் விடும் செயலிகளில்தான் சாவிப்பெயர்கள் ஒரு கணம் பளிச்சிட்டு மறைகின்றன. புதிய நிரலும் உலாவியின் கேஷ் என்னும் தற்காலிகச் சேமிப்பில் தங்கிய பழைய உரைக்கோப்பும் சேரும்போதும் இந்தச் சிக்கல் எழும். உரைக்கோப்பின் முகவரியோடு பதிப்பு எண்ணைச் சேர்த்து அனுப்பினால் இது தீரும்; அதற்கான இடம் நிரலகத்தில் இருக்கிறது என்றாலும், அதை நாமே நிரப்ப வேண்டும்.

ஒருமை, பன்மையைக் கையாளும் முறையில் இந்த நிரலகம் காலப்போக்கில் நன்றாக முதிர்ந்திருக்கிறது. யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பு, எண்ணுக்கேற்ப உரை மாறும் வகைகளை ஆறாகப் பிரிக்கிறது. எல்லா மொழிகளும் ஆறையும் பயன்படுத்த வேண்டியதில்லை. ஜப்பானிய மொழிக்கு ஒன்றே போதும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டு. ரஷ்ய மொழியில் 1-க்கு ஒரு வடிவம், 2 முதல் 4 வரை ஒன்று, 5 முதல் 20 வரை இன்னொன்று என்று போய், 21 திரும்பவும் 1-ஐப் போலவே நடக்கும். அரபு ஆறையும் பயன்படுத்துகிறது. பூச்சியம் ஆங்கிலத்தில் பன்மையோடும் பிரெஞ்சில் ஒருமையோடும் சேர்கிறது. இவற்றையெல்லாம் நிரலாளர் நினைவில் வைத்துக்கொண்டு நிபந்தனைகளாக எழுதுவது ஆகாத காரியம். முன்பு ஐ18நெக்ஸ்ட் தனக்கென ஒரு விதிப்பட்டியலை வைத்துக்கொண்டு, ரஷ்யம், அரபு போன்ற மொழிகளின் பல வடிவங்களுக்குச் சாவிப்பெயரின் பின்னே 0, 1, 2 என்று எண்களை ஒட்டிவந்தது. எந்த எண் எந்த வடிவம் என்பது கோப்பைப் படிப்பவருக்கு விளங்காது. 2021-இல் வந்த 21-ஆம் பதிப்பு அதைக் கைவிட்டு, உலாவிக்குள்ளேயே இருக்கும் பன்மை விதிகளைப் பயன்படுத்தத் தொடங்கியதோடு, ஒன், ஃபியூ, மெனி, அதர் போன்ற சிஎல்டிஆர் பெயர்களையே ஒட்டாக ஏற்றது. பழைய கோப்புகளைப் புதிய வடிவுக்கு மாற்றும் கருவியும் கிடைத்தது. அந்த நேரத்தில் பலருக்கு வேலை கூடியிருக்கும் என்றாலும், செய்ய வேண்டிய மாற்றமே அது.

எனினும் பன்மையில் தீராத இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒரு வாக்கியத்தில் இரண்டு எண்ணிக்கைகள் வந்தால், அதாவது இத்தனை கோப்புகள் இத்தனை கோப்புறைகளில் என்பதுபோல் அமைந்தால், ஒரு சாவிப்பெயருக்கு ஓர் எண்ணிக்கையைத்தான் நிரலகம் பார்க்கும். மற்றொன்றை இன்னொரு சாவிப்பெயராகப் பிரித்து உள்ளே செருக வேண்டும். அப்படிப் பிரித்ததும் மொழிபெயர்ப்பாளரின் கையில் முழு வாக்கியம் இல்லாமல் துண்டுகள் மட்டும் மிஞ்சும். வாக்கியத்துக்குள்ளேயே பன்மை நிபந்தனைகளை எழுத இடம்தரும் ஐசியூ செய்திவடிவத்தைச் செருகுநிரலாகச் சேர்த்தால் இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் எழுதலாம். ஆனால் அடைப்புக்குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய அந்த வடிவத்தைப் பிழையின்றி எழுத நிரலாளரே தடுமாறுவார். இரண்டாவது குறை, ஆங்கிலக் கோப்பைப் படியெடுத்து அரபில் எழுதத் தொடங்கும் ஒருவருக்கு அங்கே இரண்டு வடிவங்கள்தான் தெரியும். மற்ற நான்கையும் தாமே சேர்க்க வேண்டும் என்று அந்தக் கோப்பில் எதுவும் அவருக்குச் சொல்வதில்லை. வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளங்கள் இந்த வடிவத்தைப் புரிந்துகொண்டு தேவையான பெட்டிகளைத் திறந்து வைக்கின்றன. வெறும் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி வாங்கும் குழுவுக்கு அந்தத் துணை இல்லை.

எண், நாணயம், தேதி ஆகியவற்றை மொழிக்கேற்ப வடிவமைப்பதற்கு உலாவியின் வசதிகளையே உரைக்குள்ளிருந்து அழைக்கலாம். அதில் குறைசொல்ல எதுவும் இல்லை.

இனி கோப்பின் கதைக்கு வருகிறேன். ஜேசான் என்பது இயந்திரங்கள் தரவைப் பரிமாறிக்கொள்ள உருவான வடிவம். அதில் குறிப்பு எழுத இடமில்லை. ஓர் உரை எந்தத் திரையில் வருகிறது, பொத்தானா தலைப்பா, உள்ளே வரும் மாறி ஓர் ஆளின் பெயரா கோப்பின் பெயரா, எத்தனை எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும் என்பன போன்ற, மொழிபெயர்ப்பாளருக்கு உணவைப் போல் தேவையான தகவல்களை உரைக்குப் பக்கத்திலேயே வைக்க வழியில்லை. ஒரு காற்புள்ளி மிகுந்துவிட்டால் கோப்பு முழுவதும் படிக்க முடியாததாகிவிடும். ஒரே சாவிப்பெயர் இருமுறை வந்துவிட்டாலோ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பின்னால் வந்தது முன்னதை விழுங்கிவிடும். இருவர் ஒரே கோப்பில் இருவேறு கிளைகளில் வேலை செய்து இணைக்கும்போது இந்த இரட்டிப்பு எளிதில் நிகழக்கூடியது.

கெட்டெக்ஸ்ட் மொழிபெயர்ப்புகளை வைக்கும் பிஓ கோப்பை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். க்னூ திட்டம் 1995-இல் வெளியிட்ட அந்தக் கருவியை வலைத்தளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸும் ஜாங்கோவும் இன்றும் நம்பியிருக்கின்றன. பிஓ கோப்பில் ஒவ்வொரு வாக்கியத்தின் மேலேயும் அது எந்த நிரல்கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்ற குறிப்பு தானாகவே இடம்பெறும். நிரலாளர் மொழிபெயர்ப்பாளருக்காக நிரலுக்குள் எழுதிய விளக்கம், நிரலை அலசி எடுக்கும்போது அந்த வாக்கியத்தோடு சேர்ந்தே வந்துவிடும். பொத்தானின் கட்டளையாக ஓரிடத்திலும் பட்டியலில் நிலையைக் குறிப்பதாக இன்னோரிடத்திலும் வரும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் பிரித்துக்காட்டச் சூழல்குறி என்றொரு புலமும் உண்டு. ஐ18நெக்ஸ்டில் அந்த இரண்டு பயன்பாடுகளுக்கும் இரண்டு சாவிப்பெயர்கள் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. ஆனால் பொதுச்சொற்கள் என்று ஒரு தொகுதியை ஏற்படுத்தி, ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பவற்றையெல்லாம் அதில் சேர்த்துச் சிக்கனம் செய்யும் பழக்கம் பல குழுக்களிடம் இருக்கிறது. அந்தச் சிக்கனத்தின் செலவை மற்ற மொழிகளில் படிப்பவர்களே ஏற்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு, மூல உரை மாறும்போது நடப்பதில் இருக்கிறது. கெட்டெக்ஸ்டில் ஆங்கில வாக்கியத்தை ஒரு நிரலாளர் திருத்தினால் சாவியே மாறிவிடுகிறது. புதிய வார்ப்புருவைப் பழைய மொழிபெயர்ப்போடு இணைக்கும் கருவி, நெருங்கிய பழைய வாக்கியத்தைக் கண்டுபிடித்து, அதன் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கப்பட வேண்டியது என்று குறித்து வைக்கும். மொழிபெயர்ப்பாளர் பார்த்து அந்தக் குறியை நீக்கும்வரை இறுதிக் கோப்பில் அது சேராது. எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் எல்லா மொழிகளிலும் இந்தக் குறி விழுந்துவிடுகிறது என்று பலர் குறைப்படுவது நியாயமே. ஐ18நெக்ஸ்ட் இதற்கு நேர்மாறானது. சாவிப்பெயர் அப்படியே இருக்க, ஆங்கிலக் கோப்பிலுள்ள வாக்கியம் மட்டும் மாறும். கணக்கை நீக்கினால் தரவு 30 நாள்கள் பாதுகாக்கப்படும் என்று இருந்த வாக்கியத்தை உடனடியாக அழிக்கப்படும் என்று ஒருவர் திருத்தினால், மற்ற மொழிகள் யாவும் பழைய வாக்குறுதியையே சொல்லிக்கொண்டிருக்கும். எந்தச் சோதனையும் தோற்காது; எந்த உரையும் விடுபடவில்லை; எல்லாக் கோப்புகளும் முழுமையானவை என்றே கணக்கு காட்டும். விடுபட்ட உரையை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார், பழகிப்போன பொய்யான உரையை அந்த மொழி தெரிந்தவர்கூட உண்மையென்றே படிப்பார் என்பதால், இரண்டில் எது பெரிய கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதற்கு ஒழுங்கு ஒன்று வேண்டும். பொருள் மாறினால் சாவிப்பெயரையும் மாற்றுவது, வெறும் எழுத்துத் திருத்தம் என்றால் அப்படியே விடுவது என்பதுதான் அது. மொசில்லா உருவாக்கிய ஃபுளூயன்ட் என்னும் மொழிபெயர்ப்புக் கோப்பு வடிவம் இதையே தன் நடைமுறையாகப் பரிந்துரைக்கிறது. ஐ18நெக்ஸ்டின் ஆவணங்கள் இதற்கு இன்னும் அழுத்தம் தந்திருக்கலாம்.

ஃபுளூயன்டைப் பற்றிச் சொல்ல வந்ததால் மற்றொன்றையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. 2019-இல் முதல் நிலையான இலக்கணத்தைப் பெற்று, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் இடைமுகத்தையே தாங்கும் அந்த வடிவம், குறிப்புகளுக்குக் கோப்பு, பகுதி, செய்தி என மூன்று நிலைகளில் இடம் தருகிறது. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக இருப்பதை, தேவைப்படும் மொழி தன் கோப்புக்குள்ளேயே பல வடிவங்களாக விரித்துக்கொள்ளலாம். அதற்காக நிரலையோ ஆங்கிலக் கோப்பையோ தொட வேண்டியதில்லை. பொருளின் பெயருக்கு வேற்றுமை வடிவங்களை வரையறுத்து, வாக்கியத்தில் வேண்டிய வடிவத்தை அழைக்கலாம். தமிழ், ஃபின்னிஷ், துருக்கி போன்ற ஒட்டுமொழிகளில் எழுதுவோருக்கு இதன் அருமை தெரியும். ஐ18நெக்ஸ்டில் சூழல் என்ற வசதியால் ஆண்பால் பெண்பால் போன்ற வேறுபாடுகளைத் தனிச் சாவிப்பெயர்களாகத் தரலாம், ஆனால் எந்த வேறுபாடு தேவை என்பதை நிரலாளர் முன்கூட்டியே அறிந்து அந்தத் தகவலை நிரலிலிருந்து அனுப்ப வேண்டும். பயனர் தட்டச்சிடும் பெயர் என்று வந்துவிட்டால் இரண்டு கருவிகளும் உதவ முடியாது. பெயரை மாறியாக வைத்து அதன் பின்னே இரண்டாம் வேற்றுமை உருபை ஒட்டி எழுதினால், மெய்யில் முடியும் பெயருக்கும் உயிரில் முடியும் பெயருக்கும் புணர்ச்சி வேறாகி, திரையில் 'லதாஐ' என்று நிற்கும். பெயர் எழுவாயாகவே வரும்படி வாக்கியத்தைத் திருப்பி எழுதுவதே இப்போதைக்கு உள்ள வழி. அப்படித் திருப்பி எழுதும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இருக்க வேண்டுமானால், முழு வாக்கியமும் ஒரே சாவிப்பெயரின்கீழ் இருந்தாக வேண்டும். நிரலில் இரண்டு துண்டுகளைக் கூட்டி வாக்கியம் செய்பவர்கள், எந்தக் கருவியை எடுத்தாலும் இந்த உரிமையைப் பறித்துவிடுகிறார்கள்.

வாக்கியத்தின் நடுவே இணைப்போ தடித்த எழுத்தோ வரும்போது, ரியாக்ட் இணைப்பிலுள்ள டிரான்ஸ் என்னும் கூறு உதவுகிறது. வாக்கியத்தைத் துண்டாக்காமல், இணைப்புள்ள பகுதியை <1> என்பது போன்ற எண்குறிகளுக்குள் வைத்து ஒரே உரையாகத் தருகிறது. எண்ணம் சரியானது, எண்கள்தான் தொல்லை. நிரலாளர் இடையில் ஒரு கூறைச் சேர்த்ததும் எண்கள் நகர்ந்து, மொழிபெயர்ப்பில் இணைப்பு வேறு சொல்லின்மேல் ஏறிவிடலாம். எண்ணுக்குப் பதில் பெயரிட்ட குறிகளைப் பயன்படுத்தவும் அந்தக் கூறு இடம் தருகிறது. எப்போதும் அதையே பயன்படுத்துவது நல்லது.

உரைக்குள் வரும் மாறிகளில் உள்ள எச்டிஎம்எல் குறிகளை நிரலகம் இயல்பாகவே செயலிழக்கச் செய்துவிடுகிறது. ரியாக்ட் அந்த வேலையைத் தானே செய்வதால் அங்கே மட்டும் அதை அணைத்துவைப்பது வழக்கம். அந்த அமைப்பை அப்படியே படியெடுத்து வேறு சூழலில் இடுவது ஆபத்தானது. மூல வாக்கியத்தையே சாவிப்பெயராக்க விரும்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாவிப்பெயரில் புள்ளி வந்தால் அடுக்கு என்றும், முக்காற்புள்ளி வந்தால் தொகுதியின் பெயர் என்றும் நிரலகம் எடுத்துக்கொள்வதால், இயல்பான நிறுத்தற்குறிகள் உள்ள வாக்கியங்கள் கிடைக்காமல் போகும். இரண்டு பிரிப்பான்களையும் அணைத்துவிட்டால்தான் அந்த முறை வேலை செய்யும்.

பயனரின் மொழியைக் கண்டறியும் செருகுநிரல் முகவரி, குக்கி, உலாவியின் உள்சேமிப்பு ஆகியவற்றைப் பார்த்த பிறகே உலாவியின் மொழியமைப்பைப் பார்க்கிறது. ஒருமுறை கண்டறிந்ததை உள்சேமிப்பில் எழுதியும் வைக்கிறது. எனவே முதல் வருகையில் தவறான மொழி பதிந்துவிட்டால், பயனர் பிறகு உலாவியின் மொழியை மாற்றினாலும் பயன் இருக்காது. மொழியை மாற்றும் பொத்தானை எளிதில் தெரியும் இடத்தில் வைப்பதும், பயனர் தாமே தேர்ந்தெடுத்தால் மட்டும் அதைச் சேமிப்பதும் இதற்குத் தீர்வாகும்.

புதிதாகத் தொடங்கும் ஜாவாஸ்கிரிப்ட் செயலிக்கு, இரண்டு மூன்று மொழிகள் போதும் என்ற நிலையில் ஐ18நெக்ஸ்டை நம்பி எடுக்கலாம். டைப்ஸ்கிரிப்டில் எழுதுவோர் ஜேசான் கோப்பிலிருந்தே சாவிப்பெயர்களின் வகைகளை வரையறுத்தால், தவறாக எழுதிய சாவிப்பெயர் தொகுக்கும்போதே பிடிபடும். நிரலில் துண்டுகளைக் கூட்டிச் சாவிப்பெயர் செய்தால், நிரலை அலசி எடுக்கும் கருவிக்கு அது புலப்படாமல் போகும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். விளக்கக் குறிப்பும் திரைப்பிடிப்புப் படமும் இணைக்க இடம்தரும் வெப்லேட் போன்ற தளம் ஒன்றை முதல் மொழிபெயர்ப்பு தொடங்கும்முன் அமைத்துக்கொண்டால், கோப்பு வடிவம் தராததில் பெரும்பகுதியை அங்கே ஈடுசெய்யலாம். பத்து, இருபது மொழிகளில், தன்னார்வலர்களின் உழைப்பில் வளரப்போகும் திட்டமென்றால் பிஓ கோப்பையோ ஃபுளூயன்டையோதான் நான் தேர்ந்தெடுப்பேன்.

எந்தத் தேர்வாயினும் ஒன்றை நாமே செய்தாக வேண்டும். மொழி மாறும்போது ஐ18நெக்ஸ்ட் உரையை மாற்றுகிறதே தவிர, பக்கத்தின் எச்டிஎம்எல் குறியில் உள்ள மொழிப் பண்பையும் எழுத்தோட்டத் திசையையும் தானாக மாற்றுவதில்லை. திசையைச் சொல்லும் செயற்கூறும் மொழி மாறியதை அறிவிக்கும் நிகழ்வும் அதில் உள்ளன. இரண்டையும் இணைத்துச் சில வரிகள் எழுதினால் போதும். அந்த வரிகள் இல்லாத பக்கத்தில், திரையைப் பார்க்க இயலாமல் திரைவாசிப்பானைக் கேட்கும் ஒருவருக்குத் தமிழ் உரை ஆங்கிலக் குரலில் ஒலிக்கலாம், அல்லது ஒலிக்காமலே போகலாம்.